பத்தாவது சொல்

ஒன்பதாவது சொல்லோடு மல்கியா நிறுத்திவிட்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. எதிரில் பத்தாவது ஆள். கிழவருக்கு எட்டவேண்டுமே என்று தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்து நிற்கிறான். கை இறங்கவில்லை. சொல் வரவில்லை.

"மாமா," என்றான் அவன்.

"மாப்பிள்ள, நீரு அந்தப் பேரச் சொல்லாம இருந்துருவீரா?"

"இருந்துருவேன் மாமா."

"அந்தப் பேரு இல்லன்னு சொல்லுவீரா?"

"அது மாட்டேன்."

மல்கியா கையை மடக்கிக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேதச்சுருளை அவிழ்க்காமலே பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார். அன்றைக்கு மூடியது மூடியதுதான் என்று சொல்வார்கள்.

எந்தக் காலம் என்று கேட்டால் என்ன சொல்ல? எங்கள் ஊர் பாய்க்கரையில் மணி அடிப்பதற்கு முன்னால். மணி தொங்கக் கோயில் வருவதற்கு முன்னால். மேற்கேயிருந்து மரக்கலங்கள் காற்றுக்குக் காத்திருந்து வந்து, காற்றுக்குக் காத்திருந்து திரும்பிப் போன காலத்தில். கண்டவர் யாரும் இல்லை. கேட்டவர் சொல்லிக் கேட்டவர் சொன்னது இது.

அந்தப் பத்தாவது ஆள் பேர் அசரியா. எங்கள் கொடிவழியில் முதல் பேர் அதுதான்.

அவர்கள் யூதர்கள். எருசலேமில் ஆலயம் எரிந்தபோது ஓடியவர்களில் சிலர், ஓடி ஓடி, கப்பல் மாறிக் கப்பல் ஏறி, எங்கள் கரையில் இறங்கினார்கள். பாய் தைத்தார்கள், உப்பு விற்றார்கள். சனிக்கிழமை அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால் ஊரில் அவர்களுக்குச் சனிக்காரர் என்று பேர். வரும்போது நிறையப் பேர். காய்ச்சலில் பாதி போனது. கடலில் கொஞ்சம் போனது. மிஞ்சியதில் ஆண்கள் ஒன்பது பேர், பின்னால் வந்த அசரியாவோடு பத்து.

பத்துப் பேர் என்பது அவர்களுக்கு ஒரு கணக்கு. பத்து ஆண்கள் கூடாமல் வேதத்தை வாய்விட்டு வாசிக்கக் கூடாது. பத்து ஆண்கள் கூடாமல் துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்லக் கூடாது. ஆனால் ஆளை ஒன்று இரண்டு என்று எண்ணவும் கூடாது. எண்ணினால் சாவு வரும். அதனால் பத்தே சொல் உள்ள ஒரு ஜெபம் வைத்திருந்தார்கள். தலைக்கட்டான மனுஷன் வரிசையில் நடந்துபோவார். ஒரு தோளைத் தொட்டு ஒரு சொல். அடுத்த தோளைத் தொட்டு அடுத்த சொல். தன் நெஞ்சைத் தொட்டும் ஒரு சொல். ஆட்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஜெபம் முடிந்தால் ஆள் நிறைந்தது. பத்துச் சொல், பத்து ஆள்.

எங்கள் ஊர்க்காரன் ஒருத்தன், அசரியாவோடு பாய் தைத்த கடலன் என்பவன், கேலி பேசுவானாம். "உங்க சாமிக்குப் பத்து ஆளு வேணும். எங்க சாமிக்கு ஒரு சேவல் போதும்வே."

"உங்க சாமி பசிச்ச சாமி," என்பானாம் அசரியா.

அசரியா அங்கே பிறந்தவன் அல்ல. கப்பலில் பாய் ஒட்டுப்போட வந்தவன். அவனைக் கரையில் நிறுத்தி வைத்தது அதாள் என்ற விதவை. மகள் திர்சாளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தாள். வெளிப்படையாகவே பேசினாளாம்.

"நகை வேண்டாம். சீரு வேண்டாம். எங்கம்மை ஓடிவந்த வழியில செத்தா. மண்ணத் தள்ளிட்டு மறுபடி ஓடினோம். வரிசை நிக்க ஆளு இல்ல. எனக்கு வரிசையில நிக்க ஒரு ஆளு வேணும். நிப்பீங்களா?"

"நிப்பேன் அத்தை."

அதுதான் பரிசம். அதுதான் நிச்சயம்.

வரிசை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். புதைத்து மண் தள்ளியதும், குழியிலிருந்து பாதை வரைக்கும் பத்து ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். செத்தவரின் பிள்ளையோ பெண்டாட்டியோ யாராக இருந்தாலும், அந்த வரிசையை ஒட்டி நடந்துவர வேண்டும். ஒவ்வொரு ஆளும் ஆறுதல் வார்த்தை ஒன்று சொல்லுவான். பத்தாவது ஆளைத் தாண்டிவிட்டால் அழுகை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். மண் போட்ட அன்றைக்குத்தான் வரிசை. மறுநாள் கிடையாது.

கல்யாணம் ஆகி நாலைந்து வருஷம் போயிருக்கும். மேற்குக் கப்பல் ஒன்றில் தீமோன் என்று ஒருத்தர் வந்தார். அவரும் யூதர். கிழக்கு வீட்டில், அதாவது சனிக்காரர்கள் ஜெபம் பண்ணுகிற வீட்டில், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பதினோராவது ஆள்! இனி ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட வேதம் வாசிக்கலாம். மல்கியா தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார் என்று சொல்வார்கள்.

தீமோன் எழுந்து பேசினார். தீர்க்கதரிசிகள் சொன்ன மேசியா வந்துவிட்டார், நாசரேத்துக்காரர், அவரை மரத்தில் ஏற்றிக் கொன்றார்கள், மூன்றாம் நாள் எழுந்தார் என்றார்.

உப்புக்காரர் ஒருவர் கேட்டார். "வந்துட்டாருன்னா ஆலயம் ஏன்வே எரிஞ்சுது?"

தீமோனுக்குக் கோபம் வரவில்லை. உட்கார்ந்து பதில் சொன்னார். அவர்களும் உட்கார்ந்து மறுத்தார்கள். சனிக்கிழமை முழுக்கப் பேசிவிட்டு ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். இப்படி ஒரு வருஷம் போனது. மேசியாவால் சண்டை வரவில்லை. சண்டை வந்தது சட்டியால்.

தீமோன் கரையில் இறங்கி முத்துக்குளிக்கிறவனோடும் வலைக்காரனோடும் சாப்பிட்டார். கடலன் வீட்டில் சாப்பிட்டார். அவர்களையும் கூட்டத்தில் சேர்த்தார். விருத்தசேதனம் இல்லை, தீட்டு இல்லை, மீனில் செதிள் இருக்கிறதா என்று பார்ப்பது இல்லை. கிழக்கு வீட்டில் முகம் சுளித்தார்கள். ஒருநாள் தீமோன் மேற்குப் பக்கம் ஒரு கூரை போட்டுக்கொண்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். "எங்களுக்கு ரெண்டு மூணு பேரு கூடினாப் போதும்," என்றார்.

கடலனுக்குச் சந்தோஷம். "சேவலும் வேண்டாங்காக, பத்துப் பேரும் வேண்டாங்காக. இது நல்ல சாமி."

அசரியா இரண்டு வீட்டுக்கும் போனான். சனிக்கிழமை கிழக்கே போய்ப் பத்தாவது ஆளாக நின்றான். ஞாயிற்றுக்கிழமை மேற்கே போய்க் கடலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தீமோன் சொன்னதை அவன் நம்பினான். ஏன் நம்பினான் என்று எந்தக் கதையிலும் இல்லை. நம்பினான், அவ்வளவுதான். இரண்டு வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பிறகு ஓலை வந்தது.

கிழக்கு வீட்டுக்கு மேற்குத் தேசத்துப் பெரியவர்களிடமிருந்து ஒரு ஓலை. நசரேயனை மேசியா என்று சொல்கிறவனைப் பத்தில் எண்ணாதீர்கள் என்று. மேற்கு வீட்டுக்கு அங்கேயுள்ள மூப்பர்களிடமிருந்து ஒரு ஓலை. சனிக்காரரோடு போய் நிற்கிறவனை உங்கள் பந்தியில் உட்கார வைக்காதீர்கள் என்று. இரண்டு ஓலையும் ஒரே கப்பலில் வந்தது. ஒரே மாலுமி, ஒரே பையிலிருந்து எடுத்து, கிழக்கே ஒன்று கொடுத்துவிட்டு, மேற்கே ஒன்று கொடுத்துவிட்டுப் போனான் என்று சொல்வார்கள்.

அந்த வாரம்தான் மல்கியாவின் கை அந்தரத்தில் நின்றது.

ஒன்றை மறக்கக் கூடாது. மல்கியா அசரியாவை மட்டும் தள்ளவில்லை. தீமோன் முன்னமே போய்விட்டார், அசரியாவும் போனால் ஒன்பது. ஒன்பது பேர் வேதம் வாசிக்க முடியாது. திர்சாளின் பெரியப்பா அவர். சின்ன வயதில் எரிகிற ஊரிலிருந்து அந்தச் சுருளை முதுகில் கட்டிக்கொண்டு வந்தவர். அதைத் தன் கையாலேயே மூடினார்.

அது நடந்து இரண்டு மாதத்தில் அதாள் படுத்தாள்.

வயிற்றில் கட்டி. தண்ணீர் இறங்கவில்லை. திர்சா தாயின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. மல்கியா சாயங்காலந்தோறும் வந்து தம்பி பெண்டாட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். கண்ணில் புரை விழுந்து அவருக்கு அப்போது பாதிப் பார்வைதான். வருவார், உட்காருவார், எழுந்து போவார். பேச்சு கிடையாது.

ஏன் கிடையாது என்றால், அவர்களிடம் இன்னொரு முறையும் இருந்தது. ஒருத்தர் சாவுப் படுக்கையில் விழுந்துவிட்டால், உயிர் போகிறவரைக்கும் அந்த வீட்டில் சாவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. குழி பேசக் கூடாது. துணி பேசக் கூடாது. வரிசையில் யார் நிற்பார்கள் என்று பேசவே கூடாது. பேசினால் உயிரைப் பிடித்துத் தள்ளியது மாதிரி. கொலைக்குச் சமம்.

அதாளுக்கும் அது தெரியும். அவளும் கேட்கவில்லை. அசரியா உள்ளே வரும்போதெல்லாம் கண்ணால் அவனைக் கதவிலிருந்து படுக்கை வரைக்கும் கூட்டிவருவாள். படுக்கையிலிருந்து கதவு வரைக்கும் கொண்டுபோய் விடுவாள்.

ஒருநாள் கொல்லையில் திர்சா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க மேசியா வந்துட்டாரு. எங்கம்மைக்கு ஆளு வரல."

"திர்சா..."

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு இல்லன்னு சொல்லிரக் கூடாதா? எங்கம்மை போற..."

அவன் அவள் வாயைப் பொத்தினான். சுவருக்கு அந்தப் பக்கம் கிழவி படுத்திருக்கிறாள். பொத்திய கைக்குள் அவள் அழுதாள். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள் என்று சொல்வார்கள். அவள் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. 

அவன் நேராகத் தீமோனிடம் போனான். "நான் அங்க போய் ஒரு நாளு நின்னா?"

"நின்னா இங்க உக்கார முடியாது. ஓலை அப்படித்தான் சொல்லுது."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

தீமோன் அந்த ஓலையை எடுத்து முன்னால் வைத்தார். "நான் அந்த ஓலைக்குப் பதில் எழுதிருக்கேன். கப்பல் போய்ட்டு வரணும்."

கப்பல் போய்வர ஒரு வருஷம் ஆகும்.

அசரியா யோசித்தான். பந்தி போனால் போகட்டும், போய் நிற்கலாம். ஆனால் போய் நின்றால் மட்டும் மல்கியா எண்ணிவிடுவாரா? எண்ண மாட்டார். ஒன்பதோடு நிற்கும். கை மடங்கும். குழிக்கரையில் வைத்து, திர்சாளுக்கு முன்னால் மடங்கும். அதற்கு ஒரே வழி, வேறு ஆள். ஓலையில் அகப்படாத ஆள்.

தெற்கே, பாய்மரத்தில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போனால், குணத்துறை. அங்கே தனியாக ஒரு யூதர் பாசிமணி விற்கிறார் என்று கப்பல்காரர்கள் சொல்லிக் கேட்டிருந்தான்.

புதன்கிழமை காலையில் திர்சாளிடம் சொன்னான். "நூல் வாங்கப் போயிட்டு வாரேன்."

"இப்பவா?"

"இப்பத்தான் காத்து இருக்கு."

ஆள் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதற்கு ஆள் என்று அவள் கேட்பாளே. தாய் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லக் கூடாது. அவன் பாதி அந்தப் பக்கம் போனவன்தான். ஆனால் அத்தை விஷயத்தில் அந்த முறையை மீற அவனுக்கு மனசு வரவில்லை.

திர்சா அவன் முகத்தைப் பார்த்தாள். வரிசைக்குப் பயந்து ஓடுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. "போறவங்க போங்க," என்றாள்.

உள்ளேயிருந்து அதாள் கேட்டாள். "மாப்பிள்ள எங்க?"

"நூல் வாங்கப் போறாக."

"காத்தப் பாத்துப் போகச் சொல்லு."

அவள் அவனைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இனி குணத்துறைக் கதை. வியாழக்கிழமை காலையில் போய் இறங்கினான். பாசிமணிக்காரர் பேர் சாதோக்கு. இருமல்காரர். பல் இல்லை. கடல் ஆகாது, மூச்சு முட்டும், முட்டி வலி, கடையை யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அசரியா வாசலை விட்டு நகரவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது.

"உங்க ஊர்ல பத்துப் பேரு இல்லியா?"

"ஒம்பது பேரு."

"நீரு?"

"என்னை எண்ண மாட்டாங்க."

சாதோக்கு காரணம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னாராம். "இருபத்திரண்டு வருஷமா நான் இங்க ஒத்தையில இருக்கேன். சனிக்கிழமைதோறும் எழுந்து நின்னு எண்ணுவேன். என் நெஞ்சத் தொட்டு ஒரு சொல்லு. அதோட நின்னுரும்." திரும்பிக் கடைப் பலகையை எடுத்து மாட்டினார். "யாருக்காவது நான் பத்தாவது ஆளுன்னா வாரேன்வே."

வெள்ளிக்கிழமை விடியலில் படகு ஏறினார்கள். ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் அந்த மனுஷன் வாந்தி எடுத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது படகைக் கரையில் இழுக்கச் சொன்னார். ஓய்வுநாளில் படகு ஓட்டக் கூடாது. அசரியாவும் மறுக்கவில்லை. இரண்டு பேரும் ஆள் இல்லாத ஒரு மணல்திட்டில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். சனி பொழுது அடைந்தபின் மறுபடி பாய் விரித்தார்கள்.

இதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அதாள் போய்விட்டாள். பொழுது அடைவதற்குள் மண் போட்டாக வேண்டும். திர்சா கொல்லையில் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தபோது மல்கியா வந்தார். பிணத்தின் தலைமாட்டில் நின்று முதல்முறையாக வாயைத் திறந்தார். உப்புக்காரரைக் கூப்பிட்டார்.

"எல்லாரையும் புதைமேட்டுக்கு வரச் சொல்லும்."

"எல்லாரையும்னா?"

"எல்லாரையும்னா எல்லாரையும்தான். அதாளோட மருமவனையும். பாவம் எம்மேல இருக்கட்டும்."

அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் கால்மாட்டில் உட்கார்ந்து கிழவர் இதைத்தான் மனசில் உருட்டிக்கொண்டிருந்தார். முடிவுகூட என்றைக்கோ பண்ணிவிட்டார். ஆனால் உயிர் இருக்கும்போது எப்படிச் சொல்லுவார்? அவரும் முறையை மீறாத மனுஷன். அசரியாவும் சொல்லவில்லை. மல்கியாவும் சொல்லவில்லை. ஒரு வாய் திறந்திருந்தால் போதும். இரண்டு வாயும் மரியாதைக்கு மூடிக்கிடந்தன.

உப்புக்காரர் ஓடினார். அசரியா வீட்டில் இல்லை. பாய் தைக்கிற கொட்டகையில் இல்லை. மேற்கு வீட்டில் இல்லை. "நூல் வாங்கப் போயிருக்காராம்," என்றான் கடலன். உப்புக்காரர் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடிந்து வரிசை நின்றுகொண்டிருந்தது. பாவத்தைத் தன் மேல் ஏற்றுக்கொண்டு நிற்கிற கிழவரிடம் போய் ஆள் இல்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. தன் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

மல்கியா கண்ணை மூடினார். தன் நெஞ்சைத் தொட்டு முதல் சொல். பிறகு நடந்தார். தோளைத் தொட்டார், சொன்னார். தோளைத் தொட்டார், சொன்னார். குழிக்கரையில் திர்சா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். எட்டு. ஒன்பது.

இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை. பத்தாவது சொல்லைச் சொன்னார். ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கையை இறக்கினார்.

கை காற்றில் இறங்கியது.

அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டித் துழாவினார். இன்னும் கொஞ்சம். கண்ணைத் திறக்காமலே, "மாப்பிள்ள?" என்றார். "எங்கவே நிக்கீரு?"



வரிசையில்லாத வரிசையில் ஆறுதல் வார்த்தை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒன்பது பேரும் வாயை மூடி நின்றார்கள். திர்சா குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொழுது இறங்குகிறது. ஓய்வுநாள் தொடங்கப் போகிறது.

"எழுந்து வா மக்ளே," என்றார் மல்கியா.

"எந்த வழியா வர?" என்று கேட்டாள் திர்சா.

 போக மனசில்லாமல், போகாமல் இருக்கவும் முடியாமல், ஒவ்வொருத்தரும் தான் நின்ற இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டு இறங்கினார்கள். நாங்கள் போகவில்லை, இங்கேதான் நிற்கிறோம் என்பதுபோல. மல்கியாவும் ஒன்று நட்டார். ஒன்பது கல்.

சனிக்கிழமை முழுக்க அவள் அங்கேயே இருந்தாள். ஓய்வுநாளில் அவர்கள் குடம் சுமக்கக் கூடாது. கடலன் பெண்டாட்டிதான் தண்ணீர் கொண்டுபோனாள். குடிக்கச் சொல்லாமல், பேசச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு வந்தது. மேற்கு வீட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். அசரியா மேட்டில் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சாதோக்கை ஏறக்குறையத் தூக்கிக்கொண்டு ஏறினான். புது மண்ணைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான்.

"நூல் கெடச்சுதா?" என்று கேட்டாள் திர்சா.

"நூலுக்குப் போகல. ஆளுக்குப் போனேன்." சாதோக்கைக் காட்டினான். அவர் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அத்தைக்கு நிக்கதுக்கு."

அவள் அந்தக் கிழவரைப் பார்த்தாள். வாந்தி பட்ட அவர் வேட்டியைப் பார்த்தாள். 

"பெரியப்பா பத்தாவது சொல்லையும் சொன்னாக," என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கைய வச்சாக. நீங்க இல்ல."

அசரியா போய் அந்த இடத்தில் நின்றான். ஒன்பதாவது கல்லுக்கு அடுத்த இடம். ஏன் நின்றான் என்றால், வேறு எங்கே போவான்? சத்தம் கேட்டு மல்கியாவும் கோலை ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். தட்டுத்தடுமாறி வந்து அசரியாவின் தோளைத் தடவிப் பார்த்தார்.

"வந்துட்டீரா," என்றார். அவ்வளவுதான். பிறகு இருமல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "இது யாரு?"

"சாதோக்கு. குணத்துறை. எல்லா முறையும் காக்குதவரு," என்றான் அசரியா.

மல்கியா தலையை ஆட்டினார். "பதினொண்ணு," என்றார். ஆளை எண்ணக் கூடாது என்ற முறையை வாழ்நாளில் அவர் மீறியது அந்த ஒரு தடவைதான் என்று சொல்வார்கள்.

திர்சா எழுந்தாள். மணலைத் தட்டவில்லை. கல் வரிசையை ஒட்டி நடக்கவில்லை, அசரியா நின்ற பக்கமும் வரவில்லை. குழியின் பின்பக்கமாகப் போய், முள்ளுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவர்கள் பிரிந்துவிடவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மூன்று பிள்ளைகள் பிறந்தன, நடுப்பிள்ளை வழியில்தான் நாங்கள். அவள் சோறு போட்டாள், அவன் சாப்பிட்டான். காய்ச்சல் வந்தால் பற்றுப் போட்டாள். ஆனால் பத்துப் பேர் ஆறுதல் சொல்லாத துக்கம் அவள் மேல் அப்படியே கிடந்தது. சாகிறவரைக்கும் தரையில்தான் உட்கார்ந்தாள். சிரித்தால் பாதியில் நிறுத்திவிடுவாளாம். எங்கள் ஊரில் ஒருத்தர் துக்கம் ஆறாமல் இருந்தால், திர்சா இன்னும் மேட்டிலதான் இருக்கா என்பார்கள். அசரியா சனிக்கிழமை கிழக்கு வீட்டு வாசலுக்கு வெளியே நின்றான், ஞாயிற்றுக்கிழமை மேற்கு வீட்டு வாசலுக்கு வெளியே நின்றான் என்பார்கள். உள்ளே கூப்பிட்டார்களா, கூப்பிட்டும் போகவில்லையா, தெரியாது. கிழக்கு வீடு இப்போது கடலுக்குள் இருக்கிறது. மேற்கு வீடு இருந்த இடத்தில்தான் கோயில்.

ஒன்பது கல்லும் மேட்டில் இருக்கின்றன. பத்தாவதாக ஒரு கல்லை யாரும் நட்டதில்லை. கல்லறையிலிருந்து திரும்பும் பாதை அங்கே நேராக வராது. பின்பக்கமாக வளைந்து முள்ளைச் சுற்றித்தான் வரும். பஞ்சாயத்தில் சிமெண்டு போட வந்தபோதும் அந்த வளைவிலேயே போடச் சொன்னோம். ஒப்பந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து இங்கே பெண் கட்டி வருகிறவர்களுக்கு இன்னொன்று ஆகாது. எங்கள் ஊரில் ஒருத்தர் சாகக் கிடந்தால் அவர் காதில் விழும்படியே எல்லாம் பேசுவோம். குழி எங்கே, தூக்குவது யார், எவனுக்கு ஆள் அனுப்பவேண்டும், எவனோடு எவனுக்குப் பேச்சு இல்லை, அவன் வருவானா, வந்தால் இவன் நிற்பானா. ஒளிக்க மாட்டோம். போன வருஷம் எங்கள் சித்தப்பா கிடந்தபோது, பாடையைக் கால்மாட்டில் யார் பிடிப்பது என்று பேச்சு வந்தது. கண்ணை மூடிக்கிடந்தவர், "மூத்தவன் குடிச்சிட்டு வருவான், அவன நடுவுல விடுங்கலே," என்றார். மூத்தவன் அங்கேதான் நின்றான். அவன் அழுதான், நாங்கள் சிரித்தோம். வந்திருந்த சம்பந்தி வீட்டார் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இரக்கமில்லாத ஊர் என்று சொன்னார்களாம். சொல்லட்டும்.

சாதோக்கு என்ன ஆனார் என்று கேட்கவில்லையே நீங்கள். மண் போட்ட நாள் தாண்டிவிட்டதால் அவருக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது. திர்சா போன பிறகு மல்கியா கோலை ஊன்றி இறங்கினார். அசரியா கல்லோடு கல்லாக நின்றுகொண்டிருந்தான், அவனைக் கூப்பிட முடியவில்லை. கீழே மேற்கு வீட்டில் பாட்டு முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாதோக்கு ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஆறாவது கல் மணலில் சாய்ந்திருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை நிமிர்த்தினார். சுற்றிலும் மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து இறுக்கினார். அசைத்துப் பார்த்தார். பிறகு படகு கிடந்த பக்கமாக இறங்கிப் போனார்.